ஆர்மென் ஆல்ச்சியனின் வாழ்க்கையை எழுதப் புகுந்தபோது பட்டதும் செலவானதும்

ஆர்மீனியப் பொருளியல் பேராசிரியர் ஒருவரின் வாழ்வையும் பணியையும் தமிழில் 150 பக்கத்துக்குள் எழுதித் தர முடியுமா என்று ஒரு சிறு பதிப்பகம் கேட்டபோது, கல்லூரியில் பொருளியல் நடத்தும் எனக்கு அது ஒரு கோடை விடுமுறையில் முடிந்துவிடக்கூடிய வேலையாகவே தோன்றியது. அந்த வேலை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை விழுங்கியது. கையிலிருந்து 40,000 ரூபாய்க்குச் சற்று மேல் செலவாயிற்று. நூல் இன்றுவரை நூலாக வெளிவரவில்லை. இத்தகைய வேலையில் தனியாக இறங்குபவருக்கு எங்கெங்கே பள்ளம் இருக்கிறது என்று முன்னரே சொல்ல எனக்கு யாரும் கிடைக்கவில்லை என்பதால், நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

பதிப்பகம் யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. நாட்டுக்கு ஒரு பொருளியலாளர் என்பது அவர்களுடைய நூல்வரிசையின் திட்டம். அந்தக் கணக்கு ஆர்மீனியர்களிடம் செல்லாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 2024-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேரன் அசெமோக்லு 1967-இல் இஸ்தான்புலில் பிறந்தவர். கோர்பச்சேவுக்குப் பொருளாதார ஆலோசகராக விளங்கிய ஆபெல் அகன்பேகியன் 1932-இல் ஜார்ஜியாவின் திபிலீசி நகரில் பிறந்தவர். ஆர்மென் ஆல்ச்சியன் 1914-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஃபிரெஸ்னோ என்னும் ஊரில் பிறந்தவர். உலகம் அறிந்த இந்த மூவரில் ஒருவர்கூட இன்றைய ஆர்மீனியாவின் எல்லைக்குள் பிறக்கவில்லை. ஒட்டோமான் பேரரசில் 1890-களில் நடந்த படுகொலைகளும் 1915-இல் தொடங்கிய இன அழிப்பும் சிதறடித்த ஒரு சமூகத்தின் வரலாறு அது. ஆகவே நாட்டின் பெயரை அட்டையில் பெரிதாகப் போடும் ஒரு வரிசைக்கு இவர்களுள் எவரும் சரியாகப் பொருந்த மாட்டார்கள் என்று பதிப்பாசிரியரிடம் சொன்னேன். ஆர்மீனியர் என்றிருந்தால் போதும், ஊர் எதுவானாலும் பரவாயில்லை என்றார்.

மூவரில் ஆல்ச்சியனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. நோபலுக்குப் பின் அசெமோக்லுவைப் பற்றி எல்லா இதழ்களும் எழுதிவிட்டன. அகன்பேகியனை எழுத ரஷ்ய மொழி தெரிந்திருக்க வேண்டும். ஆல்ச்சியனோ குறைவாக எழுதியவர், எளிய ஆங்கிலத்தில் எழுதியவர், 98 வயதுவரை வாழ்ந்து 2013 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தவர். ஒரு வாழ்க்கை வரலாற்றை ஒப்புக்கொள்ளும் முன், அவருடைய மூல எழுத்துகள் எந்த மொழியில், எவ்வளவு இருக்கின்றன, அவை எங்கே கிடைக்கின்றன என்ற மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. அதைப் பார்த்திருந்ததால்தான் இரண்டு ஆண்டோடு தப்பினேன். ரஷ்ய மொழியில் சிக்கியிருந்தால் இன்னும் எழுதிக்கொண்டிருப்பேன்.

முதல் இடர்ப்பாடு இளமைக் காலத்தில் வந்தது. ஒரு பேராசிரியரின் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே பத்தியின் பல நகல்களாகவே இருக்கின்றன. பத்து இடங்களில் ஒரே செய்தி வருவதைப் பத்துச் சான்றுகள் என்று எண்ணிவிடக் கூடாது. அவை எல்லாம் ஒரே இரங்கல் குறிப்பிலிருந்து பிறந்தவையாக இருக்கும். அந்த வறட்சியைப் போக்க ஊரைப் படிப்பதுதான் வழி என்று கண்டுகொண்டேன். ஃபிரெஸ்னோவில் 1880-களிலிருந்தே ஆர்மீனியர்கள் குடியேறினார்கள். திராட்சைத் தோட்டங்களிலும் உலர்திராட்சை வணிகத்திலும் காலூன்றினார்கள். ஆனால் நகரின் சில பகுதிகளில் ஆர்மீனியர்களுக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். இனத்தின் பேரில் எழுதப்பட்ட அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல்தான் தீர்ப்பளித்தது. சொத்துரிமை என்பதைப் பொருளியலின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், யார் எந்த வீட்டை வாங்கலாம் என்பதைப் பத்திரம் தீர்மானித்த ஊரில் வளர்ந்தவர் என்ற செய்தி எனக்குப் பல இரவுகள் உறக்கத்தைக் கெடுத்தது. 1962-இல் ரூபன் கெசலுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையும் இதோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. போட்டியாளர் இல்லாத, இலாபத்துக்கு அரசு வரம்பு கட்டியிருக்கும் தனியுரிமை நிறுவனத்தில், பிடிக்காத இனத்தவரை ஒதுக்குவதால் முதலாளிக்கு ஏற்படும் இழப்பு குறைவு. ஆகவே போட்டி கடுமையாக உள்ள தொழிலைவிட அங்கே பாகுபாடு கூடுதலாக இருக்கும் என்பது அதன் வாதம். ஊரிலிருந்து இந்த வாதத்துக்கு நேர்க்கோடு போடலாமா என்றால், போடலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் அதை என் ஊகம் என்று சொல்லித்தான் எழுதினேன். வாழ்க்கைக்கும் கோட்பாட்டுக்கும் பாலம் கட்டும் ஆசை எழுதுபவரை எளிதில் இழுத்துச் சென்றுவிடும்.

படிப்பும் பணியும் விரைவில் சொல்லி முடிக்கத்தக்கவை. ஃபிரெஸ்னோ அரசுக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள், பின்னர் ஸ்டான்ஃபோர்டில் 1936-இல் இளங்கலை, 1943-இல் முனைவர் பட்டம். போர்க்காலத்தில் இராணுவ விமானப் படையில் புள்ளியியல் பணி. 1946-இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1984-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அந்தப் பணிக்கு இணையாக, சான்டா மோனிக்காவில் இருந்து அமெரிக்க விமானப் படைக்காக ஆய்வு செய்துவந்த ராண்ட் நிறுவனத்தின் தொடக்ககாலப் பொருளியலாளர்களில் ஒருவராகவும் பணியாற்றினார். ஒரே பல்கலைக்கழகத்தில் கழிந்த வாழ்க்கையைச் சுவையாக எழுதுவது எப்படி என்று சில வாரங்கள் திகைத்து உட்கார்ந்திருந்தேன். நிகழ்ச்சிகளைத் தேடுவதை விட்டுவிட்டு, கட்டுரைகளை அவை எழுதப்பட்ட வரிசையில் படிக்கத் தொடங்கிய பிறகுதான் வழி பிறந்தது. அச்சான ஆண்டு வேறு, எழுதிய ஆண்டு வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். விமானங்களைக் கட்டக் கட்ட உழைப்புச் செலவு குறைந்துவருவதைப் பற்றிய அவருடைய ஆய்வு ராண்டில் எழுதப்பட்டு, இரகசியக் கட்டுப்பாட்டில் பல ஆண்டுகள் கிடந்த பின்னர் 1963-இல்தான் ஆய்விதழில் வந்தது. அச்சான ஆண்டை மட்டும் நம்பி எழுதினால் அவருடைய சிந்தனை வளர்ந்த வரிசையே தலைகீழாகிவிடும்.

நூல்கள் வாங்கிய கதையை இங்கே சொல்லியாக வேண்டும். அவருடைய தொகுக்கப்பட்ட எழுத்துகளை லிபர்ட்டி ஃபண்ட் என்னும் அமெரிக்க அறக்கட்டளை 2006-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டிருந்தது. ஒரு தொகுதி சாதாரண அட்டையில் 1,200 ரூபாய், கெட்டி அட்டையில் 2,400 ரூபாய் என்ற அளவில் கிடைத்தது. கடல் கடந்து வருவதற்கான கூலியும் சுங்கமும் எந்த அட்டையானாலும் தொகுதிக்கு ஏறக்குறைய 1,800 ரூபாய். வாங்கும் கடையில் இரு மடங்கு விலையுள்ள கெட்டி அட்டைப் பிரதி, வீடு வந்து சேரும்போது 3,000-க்கு எதிரே 4,200 என்று ஒன்றரை மடங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. கெட்டி அட்டையையே வாங்கினேன், 8,400 ரூபாய். பொதி வந்து பிரித்துப் படிக்கும்போதுதான் சிரிப்பு வந்தது. வில்லியம் ஆலனுடன் சேர்ந்து ஆல்ச்சியன் 1964-இல் வெளியிட்ட பாடநூலில் இதே கணக்கு இருக்கிறது. கலிஃபோர்னியாவின் உயர்தரத் திராட்சைக்கும் சாதாரணத் திராட்சைக்கும் நியூயார்க் செல்ல ஒரே கூலி என்றால், நியூயார்க்கில் உயர்தரம் ஒப்பீட்டளவில் மலிவாகிவிடும். ஆகவே நல்ல சரக்கு தொலைவுக்குப் போகும் என்பது அந்தத் தேற்றம். ஃபிரெஸ்னோக்காரர் திராட்சையை எடுத்துக்காட்டாகக் கொண்டதில் வியப்பில்லை. அந்தப் பாடநூலின் பழைய பிரதி ஒன்றுக்கு மேலும் 3,500 ரூபாய் ஆயிற்று. இவற்றை வாங்கும் முன் இலவசமாகக் கிடைப்பவை எவை என்று தெரிந்துகொள்வது பெரிய ஆறுதல். ராண்ட் நிறுவனத்தின் தளத்தில் அவருடைய பழைய அறிக்கைகள் அப்படியே இருக்கின்றன. கெசலுடன் எழுதிய கட்டுரை அமெரிக்கத் தேசியப் பொருளாதார ஆய்வகத்தின் தளத்தில் கிடைக்கிறது. ஆய்விதழ்க் கட்டுரைகளில் பலவற்றை ஜேஸ்டோர் என்னும் இணையக் களஞ்சியத்தில் ஒரு கணக்கைத் தொடங்கித் திரையில் படிக்கலாம்.

எல்லாவற்றையும்விட நான் நீண்ட காலம் மல்லுக்கட்டியது லித்தியம் கதையோடுதான். ஹைட்ரஜன் குண்டுக்கு எந்தத் தனிமம் எரிபொருளாகப் பயன்படுகிறது என்பது ராண்டின் பொருளியல் பிரிவில் இருந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆல்ச்சியன் யாரிடமும் இரகசியம் கேட்கவில்லை. லித்தியம், பெரிலியம், தோரியம் போன்றவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களின் பங்கு விலைகளைப் பொது வெளியீடுகளிலிருந்து எடுத்துப் பார்த்தார். லித்தியம் நிறுவனம் ஒன்றின் விலை மட்டும் தனியாக ஏறியிருந்தது. விடை லித்தியம் என்று ஓர் உள்சுற்றுக் கட்டுரை எழுதினார். அது உடனே பறிமுதல் செய்யப்பட்டு அழிக்கப்பட்டது. 2014-இல் ஜோசப் நியூஹார்ட் என்ற பொருளியலாளர் அதே கணக்கை மீண்டும் செய்து பார்த்தார். 1954 மார்ச் 1 அன்று பசிபிக் பெருங்கடலின் பிகினித் தீவில் 15 மெகாடன் ஆற்றலுள்ள காசில் பிராவோ என்னும் ஹைட்ரஜன் குண்டு வெடிக்கப்பட்ட பின் மூன்று வாரங்களுக்குள் லித்தியம் கார்ப்பரேஷன் பங்கு 48 விழுக்காடு ஏறியது. அந்த ஆண்டு முழுமைக்கும் 461 விழுக்காடு ஏற்றம்.

கதை அருமையானது, ஆண்டுதான் ஒட்டவில்லை. முதுமையில் ஆல்ச்சியன் நினைவுகூரும்போது, குண்டு வெற்றிகரமாக உருவாக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டில் நடந்ததாகச் சொல்கிறார். முதல் ஹைட்ரஜன் வெடிப்பு 1952 நவம்பரில் நடந்தது; அப்படியானால் இது 1951 ஆக வேண்டும். ஆனால் 1952-இல் வெடித்த சாதனம் ஹைட்ரஜனின் ஒரு வகையான டியூட்டீரியத்தின் திரவ வடிவில் இயங்கியது. லித்தியம் கலந்த உலர் எரிபொருள் அமெரிக்கா 1954-இல் நடத்திய சோதனைகளில்தான் வந்தது. மூலக் கட்டுரை அழிக்கப்பட்டுவிட்டதால் எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. பதிப்பாசிரியர் ஏதாவது ஓர் ஆண்டைப் போட்டு முடிக்கச் சொன்னார். அன்றிரவு நானும் அந்த எண்ணத்துக்கு வெகு அருகில் போய்விட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சலிப்பு அவ்வளவு இருந்தது. முடிவில், அவர் நினைவில் இருந்தது இது, பிந்தைய ஆய்வு காட்டும் ஆண்டு இது, எரிபொருளின் வரலாறு இரண்டாவதன் பக்கம் நிற்கிறது என்று மூன்றையும் எழுதினேன். நினைவு மட்டுமே சான்றாக உள்ள இடத்தில் ‘அவர் சொன்னபடி’ என்ற சொற்களைச் சேர்ப்பதால் கதையின் சுவை ஒரு துளியும் குறைவதில்லை.

நேர்காணல்களிலும் பணம் போயிற்று. லிபர்ட்டி ஃபண்ட் பதிவு செய்த அவருடைய நீண்ட உரையாடல் ஒன்று காணொளியாக இருக்கிறது. முதியவரின் அமெரிக்கப் பேச்சைக் கேட்டு எழுதித் தர ஒருவரை அமர்த்தினேன். 12,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, இயந்திரம் எழுதிய படியையே திருத்தாமல் அனுப்பிவிட்டார். அதில் ராண்ட் என்ற பெயர் தென்னாப்பிரிக்க நாணயமாக ஆகியிருந்தது. இத்தகைய வேலைக்கு முதல் ஐந்து நிமிடப் பேச்சை மாதிரியாக எழுதி வாங்கிப் பார்த்த பின்னரே மீதியைக் கொடுக்க வேண்டும். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவரிடம் கொடுக்கவே கூடாது.

கோட்பாடுகளைத் தமிழில் சொல்வது கடினமாக இருக்கும் என்று பலரும் அச்சுறுத்தினார்கள். உண்மையில் அது எனக்கு மகிழ்ச்சியான பகுதியாக அமைந்தது. ஆல்ச்சியன் எதையும் படம் பிடித்தாற்போல் சொல்பவர். 1950-இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற கட்டுரையில் ஆயிரக்கணக்கான பயணிகள் சிகாகோவிலிருந்து கண்மூடித்தனமாக ஆளுக்கொரு சாலையில் புறப்படுகிறார்கள். ஒரே ஒரு சாலையில்தான் பெட்ரோல் நிலையம் இருக்கிறது. சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்தச் சாலையில் போனவர்கள் மட்டுமே ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் அறிவாளிகள் என்பதால் அன்று. நிறுவனங்கள் இலாபத்தை உச்சமாக்கத் திட்டமிடுகின்றன என்று நாம் கருத வேண்டியதில்லை, இலாபம் ஈட்டியவை எஞ்சி நிற்கின்றன என்று கருதினாலே போதும் என்பது அவர் முடிவு. ஹரால்ட் டெம்செட்ஸுடன் 1972-இல் எழுதிய கட்டுரையில் இரண்டு பேர் சேர்ந்து சரக்கை லாரியில் ஏற்றுகிறார்கள். ஏற்றிய மொத்த எடையைப் பார்த்து யார் எவ்வளவு உழைத்தார் என்று சொல்ல முடியாது. ஆகவே கண்காணிக்க ஒருவர் வேண்டும். அந்தக் கண்காணிப்பவர் சோம்பாமல் இருக்க, எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சுவது அவருக்குச் சேர வேண்டும். முதலாளி என்பவர் அங்கிருந்து பிறக்கிறார். அந்த எடுத்துக்காட்டுகளை அப்படியே முன்வைத்தால் வாசகர் தானாக வந்துவிடுவார். பேராசிரியர்களின் நிரந்தரப் பணிப் பாதுகாப்பு, பல்கலைக்கழகங்கள் இலாப நோக்கில் நடத்தப்படாததன் விளைவே என்று அவர் எழுதியதை வகுப்பில் சொன்னபோது சக ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அவர்மீது மதிப்புக் கூடிற்று. அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. அவரிடம் பயின்ற வில்லியம் ஷார்ப்புக்கு 1990-இல் கிடைத்தது.

கையெழுத்துப்படி முடிந்தது. நூல்வரிசையின் அளவுக்கும் அமைப்புக்கும் ஏற்ப, பதிப்பகம் கேட்டபடி, பக்க வடிவமைப்புக்கு 9,000 ரூபாயும் படங்களின் அனுமதிக்கு 8,000 ரூபாயும் நானே கொடுத்தேன்; நூல் வந்ததும் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு, காகித விலை ஏறிவிட்டது, ஆசிரியர் 300 பிரதிகளை 180 ரூபாய் வீதம் வாங்கிக்கொண்டால்தான் அச்சுக்குப் போகும் என்று செய்தி வந்தது. 54,000 ரூபாய். முன்பே சொல்லியிருந்தால் நான் தொடங்கியே இருக்க மாட்டேன் என்பது அவர்களுக்கும் தெரியும்.

கோபம் தணிய ஒரு வாரம் ஆயிற்று. பிறகு ஆல்ச்சியன் 1978-இல் பெஞ்சமின் கிளைன், ராபர்ட் கிராஃபோர்டு ஆகியோருடன் எழுதிய கட்டுரையை மறுபடி எடுத்தேன். அதன் எடுத்துக்காட்டே ஒரு பதிப்பாளரும் ஓர் அச்சகத்தாரும்தான். பதிப்பாளர் நாளொன்றுக்கு 5,500 டாலர் தருவதாகச் சொல்லி அச்சுப் பொறியை நிறுவச் செய்கிறார். நிறுவுவதற்கான செலவு நாளொன்றுக்கு 4,000, ஓட்டும் செலவு 1,500. ஆனால் நிறுவிய பொறியைப் பெயர்த்து வேறிடத்துக்குக் கொண்டுபோனால் தேறுவது 1,000 மட்டுமே. ஓட்டும் செலவு போக மிஞ்சும் 4,000-க்கும் இந்த 1,000-க்கும் இடைப்பட்ட 3,000 டாலரைத்தான் பொருளியலில் போலி வாரம் (quasi-rent) என்பார்கள். வேறு யாரும் அந்தப் பொறிக்கு இதைவிட நல்ல விலை தரத் தயாராக இல்லையென்றால், அந்தத் தொகை முழுவதையும் பதிப்பாளர் பேரம் பேசியே பறித்துவிடலாம். இன்னொரு பதிப்பாளர் 3,500 தரத் தயாராக இருந்தால் பறிக்கக்கூடியது 2,000-ஆகக் குறைந்துவிடும். ஒருவருக்கென்றே செய்த முதலீடு, செய்து முடித்த கணத்திலிருந்து செய்தவரின் கழுத்தில் கயிறாகிவிடுகிறது. கார் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ், அதற்குக் கார்க்கூடு செய்து தந்த ஃபிஷர் பாடி ஆகிய நிறுவனங்களின் 1919 ஒப்பந்தத்தையும் 1926 இணைப்பையும் அவர்கள் இதற்குச் சான்றாகக் காட்டினார்கள். அந்த வரலாறு அப்படி நடக்கவில்லை என்று பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 2000-இல் மறுத்தார். மறுப்பையும் சேர்த்தே நான் எழுதியிருந்தேன். வரலாறு எப்படியோ, என் வீட்டு மேசையில் நடந்தது அந்தக் கணக்கின்படியே நடந்தது: வடிவமைப்புக் கோப்பு அந்த வரிசைக்கு வெளியே எதற்கும் உதவாது, கையெழுத்துப்படி உதவும்.

அடுத்து ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் கேட்டேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, எழுத்தில் கையெழுத்திட்டுத் தராத உரிமை மாற்றம் செல்லாது. எங்களுக்குள் இருந்தது வாய்ப்பேச்சு மட்டுமே; ஆகவே உரிமை என்னிடமே இருந்தது. எழுதிக் கொடுத்திருந்தாலும், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத நிலையில், பெற்றவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை மாற்றம் காலாவதியாகும். காலம் குறிக்கப்படவில்லையென்றால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். இவற்றைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டு, பணியின் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை, அச்சிடக் கடைசி நாள், ஆசிரியர் பிரதிகளை வாங்க வேண்டியதில்லை என்ற வரி ஆகியவற்றை ஒரு பக்கத்திலாவது எழுதி வாங்குவது நல்லது. அந்த வரிசைக்கென்றே தேவைப்படும் செலவு எதுவோ, அதைக் கேட்பவரே முன்னதாகச் செய்ய வேண்டும்.

300 பிரதிகளை வாங்க மறுத்து, கையெழுத்துப்படியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி அனுப்பினேன். மறுமொழியில் 300 என்பது 150 ஆயிற்று. பிறகு 100 ஆயிற்று. அதற்குள் ஒரு மாத இதழ், ஒரு பகுதிக்கு 1,500 ரூபாய் வீதம் 12 பகுதிகளாக வெளியிட ஒப்புக்கொண்டிருந்தது. லித்தியம் பகுதியை இரண்டு ஆண்டுகளோடும் அப்படியே வெளியிட்டார்கள். மொத்தம் 18,000 ரூபாய் வந்தது. செலவில் பாதிகூட இல்லை. ஆயினும் அந்த 3,500 டாலர் பதிப்பாளரின் இடத்தில் எனக்கு இருந்தது அந்த இதழ்தான்; அது இருந்ததால்தான் நூறு பிரதிகளுக்கும் இல்லை என்று சொல்ல முடிந்தது.